ராபர்ட் காக்ரேன்

ராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன் (1899 - 1985) தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பிரித்தானிய மருத்துவர், ஆய்வாளர், கிறித்தவ மருத்துவ ஊழியர் ஆவார். தமது பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் செங்கல்பட்டு, சென்னை, வேலூர் ஆகிய இடங்களில் கழித்தார். தோலில் தோன்றும் தேமல், தடிப்பு, கணு ஆகியவற்றைச் சரியாகப் பார்த்து, சரியாக விவரித்து, அதன் பின்னரே நோய்க்குப் பெயரிட வேண்டும் என்பதை மாணவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கற்பித்தவர்களுள் முதன்மையானவர். இந்தியாவில் சல்போன் மருந்தைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவராகவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் அறியப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

காக்ரேன் 1899 ஆம் ஆண்டு சீனாவில் பிறந்தார். இவருடைய தந்தை தாமஸ் காக்ரேன் இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர். 1900 ஆம் ஆண்டின் பாக்சர் கிளர்ச்சியின்போது அக்குடும்பம் உயிர் தப்பி வெளியேற நேர்ந்தது. பின்னர் சீனாவுக்குத் திரும்பிய தாமஸ் காக்ரேன், 1906 இல் பீக்கிங்கில் ஒன்றிய மருத்துவக் கல்லூரியை நிறுவினார்.

ராபர்ட் காக்ரேன் இங்கிலாந்தில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான எல்தம் கல்லூரியிலும், பின்னர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1924 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வெப்பமண்டல நோய்கள் குறித்தும் பயிற்சி பெற்றார்.

இந்திய வருகை

பட்டம் பெற்றவுடன் தொழுநோயாளர் மிஷன் என்ற அமைப்பில் சேர்ந்து இந்தியா வந்தார். அப்போது கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கூடத்தில் எர்னஸ்ட் மியூர் தொழுநோய் ஆய்வுக்குத் தலைமை ஏற்றிருந்தார். நோயாளிகளைக் காப்பகங்களில் அடைத்து வைப்பதைவிட, நோயைத் தொடக்கத்திலேயே கண்டு புறநோயாளர்களாக மருத்துவம் அளிப்பதே பயன் தரும் என்ற கருத்து அங்கு வலுப்பெற்று வந்தது. காக்ரேனின் சிந்தனையும் இவ்வழியில் அமைந்தது.

1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டனில் பிரித்தானியப் பேரரசுத் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். 1931 இல் மணிலா நகரில் நடைபெற்ற மாநாட்டில் கலந்துகொண்டார். அங்குதான் பன்னாட்டுத் தொழுநோய்ச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. தொழுநோயின் வகைகளை உலகெங்கும் ஒரே சொற்களால் குறிக்க வேண்டும் என்ற முயற்சியும் அம்மாநாட்டில் மேற்கொள்ளப்பட்டது.

திருமணியில் பணி

1930களின் நடுப்பகுதியில் காக்ரேன் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். சென்னை மாகாண அரசின் உதவியுடன் ஸ்காட்லாந்து மிஷன் இதனை நடத்தி வந்தது. சென்னை மாகாணத்தின் தொழுநோய் ஒழிப்புப் பணியிலும் காக்ரேன் பொறுப்பு வகித்தார்.

அக்காலத்தில் தொழுநோய்க்குக் கிடைத்த ஒரே மருந்து நீரடிமுத்து எண்ணெயும் அதன் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயும் ஆகும். இவை ஊசி மூலம் தோலுக்குள்ளும் தசைக்குள்ளும் செலுத்தப்பட்டன. ஊசி வலி மிகுந்தது. பல ஆண்டுகள் தொடர வேண்டியிருந்தது. முற்றிய நோயில் பெரும் பயனும் இல்லை. ஆகவே நோயை முற்றவிடாமல் தொடக்கத்திலேயே கண்டறிவது மருத்துவரின் முதற்கடமையாக இருந்தது. தோலைப் படிக்கத் தெரியாத மருத்துவரால் இது இயலாது என்பதை காக்ரேன் உணர்ந்திருந்தார்.

தோல் மாறுதல்களை விவரிக்கும் மரபு

தோல் நோய்களை அவற்றின் புறத்தோற்றத்தைக் கொண்டு வகைப்படுத்தும் முறையை ஒழுங்குபடுத்தியவர் இங்கிலாந்து மருத்துவர் ராபர்ட் வில்லன் (1757 - 1812) ஆவார். 1798 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவரது நூல், தோல் மாறுதல்களை எட்டுப் பிரிவுகளாக வகுத்தது. இன்றும் வழங்கும் அடிப்படைச் சொற்கள் பல இம்மரபில் வந்தவை. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- புள்ளி அல்லது தேமல்: நிறம் மட்டும் மாறியிருக்கும்; விரலால் தடவினால் மேடோ பள்ளமோ தெரியாது.
- பரு: கடுகு முதல் மிளகு அளவு வரையுள்ள, உள்ளே நீரில்லாத சிறு புடைப்பு.
- தடிப்பு: பரந்த பரப்பில் தோல் மேடிட்டிருத்தல்.
- கணு: தோலின் ஆழத்தில் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படுவது.
- கொப்புளம்: தெளிந்த நீர் கோத்தது, சீழ் கோத்தால் சீழ்க்கொப்புளம்.
- செதில்: மேல்தோல் உலர்ந்து உதிர்வது.
- புண்: மேல்தோல் அழிந்து உள்தோல் வெளிப்பட்டது.

இச்சொற்கள் நோயின் பெயர்கள் அல்ல. கண் கண்டதையும் கை உணர்ந்ததையும் பதிவு செய்யும் சொற்கள் மட்டுமே. ஒரே நோய் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வடிவில் தோன்றலாம். வெவ்வேறு நோய்கள் ஒரே வடிவில் தோன்றலாம். தொழுநோய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது தேமலாகவும், தடிப்பாகவும், கணுவாகவும், சில வேளைகளில் எந்தத் திட்டும் இல்லாத மினுமினுப்பாகவும் வெளிப்படும்.

ஐரோப்பிய மருத்துவ நூல்களில் விவரிக்கப்பட்ட சிவந்த நிறம் கருந்தோலில் அவ்வாறே தெரிவதில்லை. தமிழ்நாட்டு நோயாளிகளிடம் தொழுநோய்த் தேமல் பெரும்பாலும் சூழ்ந்துள்ள தோலைவிடச் சற்று வெளிறியோ செம்பு நிறமாகவோ காணப்படும். ஆகவே இந்திய நோயாளிகளிடம் நேரில் கண்டதை விவரித்த நூல்களும் பயிற்சியும் தேவைப்பட்டன. காக்ரேனின் பங்களிப்பு இங்கு முக்கியமானது.

கண்டறியும் முறை

காக்ரேனும் அவர் காலத்துத் தொழுநோய் மருத்துவர்களும் கைக்கொண்ட சோதனை முறை எளிய கருவிகளைக் கொண்டது. கிராமத்து மரத்தடியிலும் செய்யத்தக்கது.

முதலாவது, பார்த்தல். நோயாளியை நல்ல பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, காட்டும் இடத்தை மட்டுமன்றி முதுகு, பிட்டம், தொடை உட்பட உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு நிறுத்தினால் மங்கலான தேமலும் புலப்படும். திட்டுகளின் எண்ணிக்கை, அளவு, நிறம், விளிம்பு தெளிவானதா மங்கலானதா, மேற்பரப்பு உலர்ந்ததா, முடி உதிர்ந்துள்ளதா, வியர்வை உண்டா, உடலின் இரு பக்கமும் ஒத்துள்ளதா என்பவை குறித்துக்கொள்ளப்படும்.

இரண்டாவது, உணர்ச்சிச் சோதனை. நோயாளி கண்களை மூடிக்கொள்ள, பஞ்சுத் திரி அல்லது இறகு நுனியால் தோலைத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வர். வெந்நீரும் குளிர்நீரும் கொண்ட இரு குழாய்களை வைத்து வேறுபாடு தெரிகிறதா என்றும் கேட்பர். தொழுநோய்த் தேமலில் இவ்வுணர்ச்சிகள் குறைந்தோ மறைந்தோ இருக்கும். முகத்தில் நரம்புகள் செறிவாக இருப்பதால் அங்குள்ள திட்டில் உணர்ச்சிக் குறைவு எளிதில் புலப்படுவதில்லை. சிறு குழந்தைகளிடமும் இச்சோதனை கடினம்.

மூன்றாவது, நரம்புகளைத் தடவிப் பார்த்தல். முழங்கையின் உட்புறம், கழுத்தின் பக்கவாட்டு, முழங்காலின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் செல்லும் நரம்புகள் தொழுநோயில் தடித்துக் கயிறுபோல் கைக்குத் தட்டுப்படும்.

நான்காவது, தோல் சுரண்டல் சோதனை. காதுச் சோணையையோ திட்டின் விளிம்பையோ இரு விரல்களால் இறுக்கிப் பிடித்து, கத்தி முனையால் சிறிது கீறி, சுரண்டி எடுத்த திசுநீரைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பர். தொழுநோய்க் கிருமிகள் சிவந்த கோல்களாகத் தெரியும். நார்வே மருத்துவர் அன்சன் 1873 இல் கண்டறிந்த கிருமி இதுவே.

தவறான பெயரின் விளைவு

தோல் மாறுதலைத் தவறாகப் படிப்பதால் அக்காலத்தில் இரு வகைத் தீங்குகள் நேர்ந்தன. ஒன்று, நோயில்லாதவர் தொழுநோயாளராகக் கருதப்பட்டது. உடலில் முற்றிலும் வெண்மையான திட்டுகள் தோன்றும் வெண்புள்ளி, தமிழில் நெடுங்காலம் வெண்குட்டம் என்றே அழைக்கப்பட்டது. இதில் உணர்ச்சி குறைவதில்லை, கிருமியும் இல்லை, பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. பெயரில் இருந்த குட்டம் என்ற சொல் ஒன்றே பலருடைய திருமணத்தையும் பிழைப்பையும் கெடுத்தது. பூஞ்சையால் வரும் சாதாரணத் தேமல், படர்தாமரை, செதில் உதிரும் காளாஞ்சகப்படை ஆகியவையும் இவ்வாறே மயக்கம் தந்தன. இவற்றிலும் உணர்ச்சி குன்றுவதில்லை.

மற்றொன்று இதனினும் பெரிய தீங்கு. விரல்கள் மடங்கி, பாதத்தில் புண்ணுடன் இருந்தவரைக் கண்டே மக்கள் அஞ்சினர். ஆனால் அத்தகையோர் பலரிடம் நோய் தணிந்து, கிருமிகள் இல்லாமற் போயிருந்தன. இதற்கு மாறாக, லெப்ரோமா வகையின் தொடக்கத்தில் தோல் சற்று மினுமினுத்து, மங்கலான திட்டுகள் இரு பக்கமும் பரவியிருக்கும்; உணர்ச்சியும் பெரும்பாலும் குறைவதில்லை. பார்ப்பவருக்கு ஆரோக்கியமானவராகத் தோன்றும் இவரிடமே கிருமிகள் மிகுதி. அஞ்சத்தக்கவரல்லாதவர் விரட்டப்பட்டு, மருத்துவம் தேவைப்பட்டவர் கவனிக்கப்படாமல் விடப்பட்டார். நோயாளி எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை அறியாமல் தனிமைப்படுத்துவது பயனற்றது என்பதை காக்ரேன் தொடர்ந்து வலியுறுத்தினார்.

சைதாப்பேட்டைக் குழந்தைகள் மருத்துவமனை

சென்னை சைதாப்பேட்டையில் இயங்கிய வெள்ளிவிழா குழந்தைகள் மருத்துவமனை, காக்ரேனின் ஆய்வுக்களங்களுள் ஒன்று. குழந்தைகளிடம் தொழுநோய் எவ்வாறு தொடங்குகிறது என்பது இங்கு ஆராயப்பட்டது. குழந்தைகளிடம் முதலில் தோன்றுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு தேமல்களே. இவற்றுள் பல, மருந்தின்றியே காலப்போக்கில் மறைந்துவிடுகின்றன. சில மட்டுமே முற்றுகின்றன. எனவே தேமல் கண்ட குழந்தையைப் பள்ளியிலிருந்தும் தாயிடமிருந்தும் பிரித்துக் காப்பகத்தில் சேர்ப்பதைவிட, குறித்த காலத்தில் திரும்பத் திரும்பச் சோதித்து வருவது பொருத்தமாகும். அக்குழந்தைக்குக் கிருமியைத் தந்தவர் வீட்டில் உள்ள பெரியவராக இருக்கக்கூடும் என்பதால் குடும்பத்தார் அனைவரும் சோதிக்கப்பட்டனர்.

சல்போன் மருத்துவம்

1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜட் என்பவர் புரோமின் என்ற சல்போன் மருந்தால் தொழுநோய் குணமாவதைக் காட்டினார். ஆனால் அதனைச் சிரைவழி ஊசியாக அடிக்கடி செலுத்த வேண்டும், விலையும் அதிகம். இந்தியாவின் பல இலட்சம் நோயாளிகளுக்கு அது எட்டாதது.

புரோமினின் தாய்ப்பொருளான டாப்சோன் 1908 ஆம் ஆண்டிலேயே செய்யப்பட்டது, செய்வதற்கு எளிது, விலை மலிவு. ஆயினும் மனிதருக்கு நச்சுத்தன்மை மிகுந்தது என ஒதுக்கப்பட்டிருந்தது. காக்ரேன் 1946 ஐ ஒட்டிய காலத்தில் திருமணியில் டாப்சோனை எண்ணெயில் கலந்து, குறைந்த அளவில் ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். நோயாளிகள் அதனைத் தாங்கினர்; தோல் தடிப்புகள் வற்றின. நைஜீரியாவில் ஜான் லோ முதலியோர் இதனையே மாத்திரையாகக் கொடுத்து வெற்றி கண்டனர். இதன் பின்னர் நீரடிமுத்து எண்ணெயின் காலம் முடிவுக்கு வந்தது. தொழுநோய் குணப்படுத்தக்கூடியது என்ற நிலை முதன்முதலாகப் பொதுமக்களுக்கும் எட்டியது.

வேலூரில்

ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் மகளிர் மருத்துவப் பள்ளி, 1940களில் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. அரசு சான்றிதழ்ப் படிப்பைக் கைவிட்டதால், பல்கலைக்கழகம் கோரிய பேராசிரியர்களையும் கட்டடங்களையும் தேடாவிட்டால் கல்லூரி மூடப்படும் நிலை. 1944 இல் காக்ரேன் அதன் முதல்வர் பொறுப்பை ஏற்றார். வெளிநாடுகளிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் தகுதியுடைய ஆசிரியர்களைச் சேர்த்தார். 1947 இல் ஆண்களும் மாணவர்களாகச் சேர்க்கப்பட்டனர். 1948 வரை அவர் முதல்வராக இருந்தார்.

பொது மருத்துவமனையில் தொழுநோயாளருக்கு இடமில்லை என்ற வழக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. தோல் நோய்ப் பிரிவில் பிற நோயாளிகளைப்போலவே தொழுநோயாளரும் பார்க்கப்பட வேண்டும் என்றும், மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் தொழுநோயைக் கண்டறியக் கற்க வேண்டும் என்றும் விரும்பினார்.

பால் பிராண்டுடன் சந்திப்பு

1946 இறுதியில் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1947 இல் காக்ரேனின் அழைப்பின்பேரில் திருமணிக்குச் சென்றார். தோட்டத்தில் நடந்தபடி காக்ரேன் நோயாளிகளின் தோலைக் காட்டித் தேமல்களையும் தடிப்புகளையும் விளக்கிக்கொண்டு வர, பிராண்டின் கவனமோ அவர்களுடைய மடங்கிய விரல்களில் இருந்தது. இவ்விரல்கள் ஏன் இவ்வாறாயின, எலும்பு மருத்துவர்கள் ஏன் இதனை ஆராயவில்லை என்று அவர் கேட்டார். காக்ரேன், தாம் தோல் மருத்துவரே என்றும், உலகில் எலும்பு மருத்துவர் எவரும் இதனை ஆராய முன்வரவில்லை என்றும் மறுமொழி கூறினார்.

பிராண்ட் ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னபோது, வலுவற்றது எனத் தோன்றிய அக்கை மிகுந்த வலிமையுடன் பற்றியது. தசைகள் சில செயலிழந்தாலும் சில நன்றாகவே உள்ளன என்பது இதனால் புலனாயிற்று. செயலிழக்காத தசைநாண்களை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவம் வேலூரில் 1948 இல் தொடங்கியது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 இல் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை உருவாகவும் காக்ரேனின் முயற்சி துணைபுரிந்தது.

ஜகதீசனும் தென்னார்க்காடும்

ஆங்கில ஆசிரியரும், சீனிவாச சாஸ்திரியின் கடிதங்களைத் தொகுத்தவருமான டி. என். ஜகதீசன், காக்ரேனின் நெருங்கிய நண்பர். இளமையில் தாமே தொழுநோய்க்கு ஆளானவர். பின்னர் தம் வாழ்வைத் தொழுநோயாளர் நலனுக்கு அளித்தார். தொழுநோய்ப் பணியைக் காந்தியின் நிர்மாணத் திட்டத்தில் சேர்க்கச் செய்ததில் ஜகதீசனுக்குப் பங்குண்டு. கஸ்தூரிபா காந்தி நினைவாகத் தென்னார்க்காடு மாவட்டம் மழவந்தாங்கலில் தொழுநோய் நிவாரண நிலையம் அமைந்தது. கிராமங்களில் வீடு வீடாகச் சென்று தோலைச் சோதித்து, ஊரிலேயே மருந்தளிக்கும் முறை இத்தகைய நிலையங்களால் பரவியது.

விழுப்புரம், திருக்கோயிலூர், கள்ளக்குறிச்சி, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் ஆகிய பகுதிகளை உள்ளடக்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு, தொழுநோய் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்று. 1960களின் பிற்பகுதியில் காக்ரேன் மீண்டும் தமிழ்நாடு வந்தபோது, இம்மாவட்டத்தில் தியாகதுருகத்தை அடுத்த வடதொரசலூர் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். அதன் பின் தன்சானியாவில் சில காலம் பணி செய்தார்.

பிற்காலப் பணிகள்

1950களில் இங்கிலாந்தில் இருந்தபடி அந்நாட்டு நலத்துறைக்குத் தொழுநோய் ஆலோசகராகவும், அமெரிக்கத் தொழுநோய் மிஷனின் மருத்துவ ஆலோசகராகவும் செயற்பட்டார்.

1961 இல் வெளியிட்ட சிறு நூலில், விவிலியத்தில் தொழுநோய் என மொழிபெயர்க்கப்பட்ட சொல்லை ஆராய்ந்தார். லேவியராகமத்தின் 13 ஆம் அதிகாரம் கூறும் எபிரேயச் சொல் தோலுக்கு மட்டுமன்றி ஆடைக்கும் வழங்கப்பட்டது. அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கும் வழங்கப்பட்டது. வெண்மையும் அங்கு சொல்லப்படுகிறது. தொழுநோய்த் தேமலோ முற்றிலும் வெண்மையாவதில்லை. உணர்ச்சியின்மை அங்கு குறிக்கப்படவே இல்லை. கிரேக்கத்தில் லெப்ரா என்பது செதில் உதிரும் தோல் நோய்களின் பெயர். எனவே அப்பழஞ்சொல் இன்றைய தொழுநோயைக் குறிப்பதன்று என்பது அவர் முடிவு. மொழிபெயர்ப்பில் நேர்ந்த இப்பெயர் மயக்கம், நோயாளிகளைத் தீட்டுப்பட்டவராகக் கருதும் வழக்கத்துக்கு வலுவூட்டியதை அவர் சுட்டினார்.

நூல்கள்

- தொழுநோய் பற்றிய செயல்முறைப் பாடநூல் (1947)
- தொழுநோய்: கோட்பாடும் நடைமுறையும் (பதிப்பாசிரியர், 1959, டி. எஃப். டேவியுடன் இரண்டாம் பதிப்பு 1964)
- விவிலியத் தொழுநோய் (1961)

இவற்றுள் இரண்டாவது நூல், பல நாட்டு வல்லுநர்களின் கட்டுரைகளைக் கொண்டது. தொழுநோய் மருத்துவர்களுக்கு நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கியது.

மறைவும் நினைவும்

இந்தியப் பணிக்காகக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கமும், தொழுநோய்ப் பணிக்கான டேமியன்-டட்டன் விருதும் காக்ரேனுக்கு வழங்கப்பட்டன. அவர் 1985 இல் காலமானார்.

திருமணி மருத்துவமனையையும் சைதாப்பேட்டைக் குழந்தைகள் மருத்துவமனையையும் இந்திய அரசு 1955 இல் ஏற்று, மத்திய தொழுநோய்க் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது. டாப்சோனுக்குக் கட்டுப்படாத கிருமிகள் தோன்றியதால், 1982 முதல் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் ஆகியவை சேர்ந்த கூட்டு மருந்து வழங்கப்படுகிறது. 2005 இறுதியில் இந்தியா, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளர் என்ற நிலையை எட்டியது. நோயாளர்களைத் தனிமைப்படுத்த வகை செய்த 1898 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 இல் நீக்கப்பட்டது.

ஆயினும் நாட்டில் புதிய நோயாளர்கள் இன்றும் கண்டறியப்படுகின்றனர். தோலில் உள்ள திட்டுகளை எண்ணுவது, ஐந்துக்கு மிகுந்தால் பல்கிருமி வகை எனக் கொள்வது, தேமலில் உணர்ச்சி உள்ளதா எனத் தொட்டுப் பார்ப்பது, நரம்பைத் தடவிப் பார்ப்பது என்பவையே களப்பணியாளரின் சோதனைகளாகத் தொடர்கின்றன. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவர்களில் எழுதப்படும் வாசகம், காக்ரேன் திருமணியிலும் சைதாப்பேட்டையிலும் கற்பித்த பாடத்தின் சுருக்கமாகும்.